லிமரிக் ஹர்லிங் அணி: 45 ஆண்டுக் காத்திருப்பும் சாம்பியன் வாய்ப்புகளும்

லிமரிக் ஹர்லிங் அணி, அயர்லாந்தின் தென்மேற்கில் மன்ஸ்டர் மாகாணத்தைச் சேர்ந்த லிமரிக் கவுண்டியின் அணி ஆகும். 2025ஆம் ஆண்டு வரை இவ்வணி 12 முறை அகில அயர்லாந்து சாம்பியன் பட்டம் வென்றுள்ளது. இவற்றுள் ஐந்து பட்டங்கள் 2018க்கும் 2023க்கும் இடைப்பட்ட ஆறே ஆண்டுகளில் கிடைத்தவை. அதற்கு முன் 1941 முதல் 2017 வரையிலான 77 ஆண்டுகளில் கிடைத்தது ஒரே ஒரு பட்டம்தான். ஒரு கவுண்டியின் வெற்றி வாய்ப்பு எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்பதை அறிய விரும்புவோருக்கு லிமரிக்கின் வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டு.

ஆட்டமும் அமைப்பும்

ஹர்லிங் அயர்லாந்தின் மிகப் பழமையான மட்டைப்பந்து ஆட்டம். ஆஷ் மரத்தில் செதுக்கிய, நுனி அகன்ற மட்டையால் தோல் தைத்த சிறிய பந்தை அடித்து ஆடுவர். மட்டை ஐரிஷ் மொழியில் கமான் எனப்படும். அணிக்கு 15 பேர். கோல் கம்பங்கள் ஆங்கில 'எச்' எழுத்தின் வடிவில் நிற்கும். பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே சென்றால் ஒரு புள்ளி. கீழே வலைக்குள் சென்றால் ஒரு கோல், அதாவது மூன்று புள்ளிகள். இதனால் ஆட்டக் கணக்கை இரண்டு எண்களாக எழுதுவர். 1-21 என்றால் ஒரு கோலும் 21 புள்ளிகளும்; மொத்தம் 24. இக்கட்டுரையிலும் அவ்வாறே எழுதப்பட்டுள்ளது. 2018ஆம் ஆண்டு யுனெஸ்கோ இவ்விளையாட்டை மனித குலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

1884 நவம்பர் 1 அன்று டிப்பரேரி கவுண்டியின் தர்லஸ் நகரில், ஹேய்ஸ் விடுதியில் கேலிக் விளையாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது. இதற்கு முன்னின்றவர் மைக்கேல் கியூசாக் என்னும் பள்ளி ஆசிரியர். ஆங்கிலேய ஆட்சியின் கீழ் மங்கிவந்த நாட்டு விளையாட்டுகளை மீட்பது சங்கத்தின் நோக்கம். 1887ஆம் ஆண்டுக்கு முதல் அகில அயர்லாந்துப் போட்டி நடத்தப்பட்டது.

இப்போட்டியின் இரண்டு இயல்புகளை நினைவில் கொள்ள வேண்டும். முதலாவது, வீரர்கள் எவருக்கும் ஆடுவதற்குச் சம்பளம் இல்லை. ஆசிரியர், விவசாயி, தச்சர், மாணவர் எனத் தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டே மாலையில் பயிற்சிக்கு வருவர். இரண்டாவது, ஒருவர் பிறந்து வளர்ந்த ஊரின் சங்கத்துக்கும், அந்த ஊர் இருக்கும் கவுண்டிக்கும் ஆடுவதே வழக்கம். பணம் கொடுத்து வெளியிலிருந்து நல்ல ஆட்டக்காரரை வாங்கி வர முடியாது. சுமார் இரண்டு லட்சம் மக்கள் வாழும் லிமரிக், தன் மண்ணில் பிறந்த பிள்ளைகளைக் கொண்டே வெல்ல வேண்டும். ஆகவே ஓர் அணியின் அடுத்த பத்தாண்டு வாய்ப்பை அறிய, இன்றைய அணியோடு அந்தக் கவுண்டியின் பள்ளி மைதானங்களையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் பட்டங்கள்

லிமரிக் தன் முதல் பட்டத்தை 1897ஆம் ஆண்டுப் போட்டியில் கில்கென்னியை வென்று பெற்றது. 1910இல் இறுதியாட்டம் வரை வந்து வெக்ஸ்ஃபோர்டிடம் 7-0, 6-2 என்ற கணக்கில் ஒரே புள்ளியில் தோற்றது. அடுத்த ஆண்டு மீண்டும் இறுதிக்குத் தகுதி பெற்றது. கார்க் நகர மைதானம் ஆட முடியாத நிலையில் இருந்ததால் ஆட்டம் தர்லஸுக்கு மாற்றப்பட்டது. லிமரிக் அதை ஏற்காமல் ஆட மறுத்தது. பட்டம் கில்கென்னிக்கு வழங்கப்பட்டது.

1918இல் வெக்ஸ்ஃபோர்டை 9-5, 1-3 என்று வென்று லிமரிக் இரண்டாவது பட்டத்தைப் பெற்றது. 1921ஆம் ஆண்டுப் பட்டமும் லிமரிக்குக்கே. விடுதலைப் போரும் அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரும் நாட்டைக் குலைத்திருந்த காலம் அது. அவ்வாண்டின் இறுதியாட்டம் 1923 மார்ச் மாதத்தில்தான் நடந்தது. டப்ளினை வென்ற லிமரிக் அணியின் தலைவர் பாப் மெக்கான்கி, அப்போது புதிதாக ஏற்படுத்தப்பட்ட லியம் மெக்கார்த்தி கோப்பையை முதன்முதலில் கையில் ஏந்தியவர் ஆனார். இன்றும் சாம்பியன் அணிக்கு வழங்கப்படுவது இப்பெயர் தாங்கிய கோப்பையே.

மிக் மாக்கியின் காலம்

1930களில் லிமரிக் நாட்டின் தலைசிறந்த அணிகளுள் ஒன்றாக விளங்கியது. 1933 முதல் 1936 வரை தொடர்ந்து நான்கு இறுதியாட்டங்களில் ஆடி, 1934இலும் 1936இலும் வென்றது. 1935இல் கில்கென்னியிடம் ஒரு புள்ளியில் தோற்றது. 1934 முதல் 1938 வரை தேசிய லீக் பட்டத்தை ஐந்து முறை தொடர்ச்சியாக வென்றது. 1940இல் மீண்டும் கில்கென்னியை வீழ்த்திச் சாம்பியன் ஆனது.

இந்த அணியின் உயிர்நாடி மிக் மாக்கி. 1912இல் பிறந்த இவர் அஹேன் என்னும் சிற்றூர்ச் சங்கத்தைச் சேர்ந்தவர். 1936, 1940 ஆகிய இரு ஆண்டுகளிலும் அணித்தலைவர். பந்தை மட்டை நுனியில் ஏந்தியபடி எதிரணித் தடுப்பாளர்களை ஊடுருவி ஓடுவது இவருடைய தனிப் பாணி. லிமரிக் நகரின் கேலிக் மைதானத்தில் உள்ள பார்வையாளர் மாடம் ஒன்று இன்றும் மாக்கியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1931க்கும் 1948க்கும் இடையில் அஹேன் சங்கம் 15 முறை லிமரிக் கவுண்டிப் பட்டம் வென்றது. கவுண்டியின் வலிமை பெரும்பாலும் ஒரே ஊரில் திரண்டிருந்தது என்பதை இந்த எண்ணிக்கை காட்டுகிறது. மாக்கியின் தலைமுறை ஓய்ந்தபோது அந்த இடத்தை நிரப்ப ஆளில்லை. அடுத்த பட்டத்துக்கு 33 ஆண்டுகள் ஆயின.

1973: ஒரு தனி விளக்கு

1964 முதல் 1967 வரை மன்ஸ்டர் மாகாணப் பள்ளிகளுக்கான ஹார்ட்டி கோப்பையைத் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் வென்றது லிமரிக் நகரின் கிறிஸ்தவ சகோதரர் பள்ளி. அந்தப் பள்ளி மாணவர்களுள் ஒருவரான ஏமன் கிரைம்ஸ்தான் 1973இல் கவுண்டி அணியின் தலைவர். பள்ளியில் விதைத்தது களத்தில் விளைய ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பிடிக்கின்றன என்பதற்கு இது முதல் சான்று.

அவ்வாண்டு மன்ஸ்டர் இறுதியாட்டத்தில் டிப்பரேரிக்கு எதிராகக் கடைசி நொடியில் ரிச்சி பென்னிஸ் அடித்த புள்ளியால் லிமரிக் வென்றது. அகில அயர்லாந்து இறுதியாட்டம் மழையில் நனைந்த மைதானத்தில் கில்கென்னிக்கு எதிராக நடந்தது. முன்வரிசை ஆட்டக்காரரான ஏமன் கிரெகனை நடுத் தடுப்பாளராக நிறுத்தியது லிமரிக். அந்தத் துணிச்சல் பலித்தது. 1-21, 1-14 என்ற கணக்கில் லிமரிக் சாம்பியன் ஆனது. மறு ஆண்டு அதே கில்கென்னியிடம் 12 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது.

கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாத ஆண்டுகள்

1973க்குப் பிந்தைய 45 ஆண்டுகளில் லிமரிக் ஐந்து இறுதியாட்டங்களில் தோற்றது: 1974, 1980, 1994, 1996, 2007. 1980இல் தோற்கடித்த கால்வே அணிக்கு அது 1923க்குப் பின் கிடைத்த முதல் பட்டம். 1923இலும் கால்வே வென்றது லிமரிக்கைத்தான். 1996இல் தோற்கடித்த வெக்ஸ்ஃபோர்டும் 28 ஆண்டுகளாகக் காத்திருந்த அணியே. பிறர் காத்திருப்பு முடிவதற்கு லிமரிக் இருமுறை எதிரில் நின்றது.

இவற்றுள் மறக்க முடியாதது 1994. ஆஃபலிக்கு எதிரான இறுதியாட்டம் முடிய ஏறத்தாழ ஐந்து நிமிடங்கள் இருந்தபோது லிமரிக் 2-13, 1-11 என ஐந்து புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. லிமரிக் ரசிகர்கள் கொண்டாட்டத்தைத் தொடங்கிவிட்டனர். அப்போது கிடைத்த தண்ட அடியை ஜானி டூலி நேராக வலைக்குள் அடித்தார். அடுத்த கணமே பேட் ஓ'கானர் இன்னொரு கோல் போட்டார். அதன்பின் புள்ளி மேல் புள்ளியாக விழுந்தது. ஆஃபலி கடைசி நிமிடங்களில் மட்டும் 2-5 எடுத்தது. லிமரிக் ஒன்றுகூட எடுக்கவில்லை. முடிவு 3-16, 2-13. இந்த ஆட்டம் அயர்லாந்தில் 'ஐந்து நிமிட இறுதியாட்டம்' என்றே அழைக்கப்படுகிறது.

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. அன்று ஆஃபலி அணியின் பயிற்றுநராக இருந்தவர் ஏமன் கிரெகன். 1973இல் லிமரிக்குக்குக் கோப்பை பெற்றுத் தந்தவர்களுள் ஒருவர். சொந்த ஊரின் கனவைக் கலைத்த வெற்றி அவருக்கு முழு மகிழ்ச்சியாக இருந்திருக்க முடியாது. பின்னர் அவரே லிமரிக் அணிக்குப் பயிற்றுநரானார்.

குவைட் குடும்பத்தின் கதையும் இந்தக் காத்திருப்பைச் சொல்லும். 1980 இறுதியாட்டத்தில் லிமரிக்கின் கோல் காப்பாளர் டாமி குவைட். 1994இலும் 1996இலும் அந்த இடத்தில் நின்றவர் அவருடைய உறவினர் ஜோ குவைட். மூவருமே தோல்விகள். 2018இல் கோல் காத்தவர் டாமியின் மகன் நிக்கி குவைட்.

இளைஞர் வெற்றி மட்டும் போதாது

2000, 2001, 2002 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் 21 வயதுக்குட்பட்டோர் அகில அயர்லாந்துப் பட்டத்தை லிமரிக் தொடர்ந்து வென்றது. அடுத்த பத்தாண்டு லிமரிக்குக்கே என்று பலரும் எதிர்பார்த்தனர். நடந்தது வேறு. முதுநிலை அணியின் பயிற்றுநர்கள் அடிக்கடி மாறினர். 2007இல் ரிச்சி பென்னிஸின் பயிற்சியில் இறுதி வரை வந்து கில்கென்னியிடம் 2-19, 1-15 எனத் தோற்றதே அந்தத் தலைமுறையின் உச்சம். 2010இல் அணி நிர்வாகத்தோடு ஏற்பட்ட பிணக்கால் முன்னணி வீரர்களில் பெரும்பாலோர் ஒதுங்கி நிற்க, லிமரிக் மாற்று அணியைக் களமிறக்கியது.

திறமை இருந்தும் அதைத் தாங்கிப் பிடிக்கும் அமைப்பு இல்லையென்றால் பயனில்லை என்பதே இந்தப் பத்தாண்டு கற்றுத்தந்த பாடம். வகுப்பில் நன்றாகப் படித்த பிள்ளை அடுத்த வகுப்பில் கவனிப்பாரின்றிப் பின்தங்குவது போன்றது இது. முந்தைய வகுப்பின் மதிப்பெண் பட்டியலை மட்டும் வைத்து அடுத்த தேர்வின் முடிவைச் சொல்ல முடியாது.

மாற்றத்தின் தொடக்கம்

2010ஆம் ஆண்டையொட்டி லிமரிக் கவுண்டி, சிறுவர்களுக்கான பயிற்சிக் கழகத்தை முறைப்படுத்தியது. 14 வயது முதலே திறமையுள்ளவர்களை அடையாளம் கண்டு, ஒவ்வொரு வயது நிலையிலும் ஒரே முறையில் பயிற்சி அளிப்பது இதன் அடிப்படை. லிமரிக்கைச் சேர்ந்த தொழிலதிபர் ஜே. பி. மெக்மானஸின் நிதி உதவியும் கவுண்டிக்குப் பக்கபலமாக இருந்தது. அதே காலத்தில், 2010இல், லிமரிக் நகரின் ஆர்ட்ஸ்கோல் ரீஷ் பள்ளி முதன்முறையாக ஹார்ட்டி கோப்பையை வென்றது. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் மேலும் சில முறை வென்றது.

2013இல் முதுநிலை அணி 1996க்குப் பின் முதன்முறையாக மன்ஸ்டர் பட்டம் பெற்றது. அதே ஆண்டு சிறுவர் அணி அரையிறுதியில் கால்வேயிடம் கூடுதல் நேரத்தில் தோற்றது. அந்த ஆட்டத்தில் கம்பங்களுக்கு நடுவே சென்ற லிமரிக் பந்தை 'ஹாக்-ஐ' கருவி தவறு என்று காட்டியதால் ஒரு புள்ளி பறிபோயிற்று. அந்தத் தலைமுறை அதோடு சோர்ந்துவிடவில்லை. 2015இலும் 2017இலும் 21 வயதுக்குட்பட்டோர் பட்டங்களை லிமரிக் வென்றது. டயர்மட் பர்ன்ஸ், சியன் லிஞ்ச், டாம் மாரிசி, கைல் ஹேய்ஸ் முதலியோர் இவ்வணிகளின் வழியே வந்தவர்கள்.

2015 இளையோர் அணிக்குப் பயிற்றுநராக இருந்த ஜான் கைலி, 2016இன் இறுதியில் முதுநிலை அணியின் பொறுப்பை ஏற்றார். இவர் டிப்பரேரி நகரில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர். களப் பயிற்சிக்குப் பால் கின்னர்க் வந்தார். 2013இல் அண்டைக் கவுண்டியான கிளேர் சாம்பியன் ஆனபோது அந்த அணிக்குப் பயிற்சி தந்தவர் இவர். வீரர்களின் மனவுறுதிக்கு உளவியல் வல்லுநர் கரோலைன் கரிட் துணை நின்றார். 2000களில் இல்லாத நிலைத்த நிர்வாகம் இம்முறை அமைந்தது.

2018: காத்திருப்பின் முடிவு

2018இல் போட்டி முறையே மாறியது. 1996 வரை ஒரு தோல்வியே ஓர் அணியை வெளியேற்றிவிடும். 1997 முதல் படிப்படியாக மறுவாய்ப்புகள் தரப்பட்டன. 2018இலிருந்து மன்ஸ்டரின் ஐந்து அணிகளும் ஒன்றோடொன்று மோதி, முதல் மூன்று அணிகள் முன்னேறும் முறை வந்தது. லிமரிக் மூன்றாவதாகவே தேறியது. பழைய முறையில் மூன்றாம் இடத்துக்கு மதிப்பில்லை. புதிய முறை அதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்தது.

காலிறுதியில் கில்கென்னியை 0-27, 1-22 என்று வென்றது. 1973 இறுதியாட்டத்துக்குப் பின் சாம்பியன் போட்டியில் கில்கென்னியை லிமரிக் வென்றது அதுவே முதல் முறை. அரையிறுதியில் கார்க்குடன் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றது. வழக்கமான நேரம் முடியும் தறுவாயில், கோல் போட மட்டையை ஓங்கிய சேமஸ் ஹார்னடியின் பந்தை நிக்கி குவைட் மட்டை நுனியால் தட்டிவிட்டார். அது நுழைந்திருந்தால் லிமரிக்கின் கதை அன்றே முடிந்திருக்கும்.

ஆகஸ்ட் 19 அன்று டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் நடப்புச் சாம்பியன் கால்வேயை லிமரிக் சந்தித்தது. ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் எட்டுப் புள்ளிகள் முன்னிலை. ஆனால் கால்வே அடுத்தடுத்துக் கோல் போட, வித்தியாசம் ஒரே புள்ளியாகச் சுருங்கியது. நடுவர் நீண்ட கூடுதல் நிமிடங்கள் தந்திருந்தார். 1994ஐக் கண்டவர்களுக்கு அந்த நிமிடங்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கால்வேயின் ஜோ கேனிங் தொலைவிலிருந்து அடித்த கடைசிப் பந்து கோல் முன்னே விழுந்தது. மாற்று வீரர் டாம் காண்டன் அதைக் கைப்பற்றி வெளியேற்றினார். 3-16, 2-18. அணித்தலைவர் டெக்லான் ஹேனன் கோப்பையை உயர்த்தினார். லிமரிக்கைச் சேர்ந்த கிரான்பெரீஸ் இசைக்குழுவின் 'டிரீம்ஸ்' பாடல் மைதானமெங்கும் ஒலித்தது. அக்குழுவின் பாடகி டோலரஸ் ஓ'ரியோர்டன் அவ்வாண்டு ஜனவரியில்தான் காலமாகியிருந்தார்.

நான்கு தொடர் பட்டங்கள்

2019 அரையிறுதியில் கில்கென்னியிடம் ஒரே புள்ளியில் தோற்ற லிமரிக், அதன்பின் நான்கு ஆண்டுகள் கோப்பையை விட்டுத்தரவில்லை.

2020: வாட்டர்ஃபோர்டை 0-30, 0-19 என வென்றது. கொரோனா காரணமாகப் பார்வையாளர் இல்லாத மைதானத்தில் டிசம்பர் மாதம் நடந்த ஆட்டம்.

2021: கார்க்கை 3-32, 1-22 என 16 புள்ளி வித்தியாசத்தில் வென்றது.

2022: கில்கென்னியை 1-31, 2-26 என இரண்டு புள்ளிகளில் வென்றது.

2023: இடைவேளையில் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தும் கில்கென்னியை 0-30, 2-15 என வென்றது.

தொடர்ந்து நான்கு பட்டங்கள் வென்ற அணிகள் வரலாற்றில் மூன்றே: கார்க் 1941 முதல் 1944 வரை, கில்கென்னி 2006 முதல் 2009 வரை, அதன்பின் லிமரிக். ஐந்தாவதை எவரும் வென்றதில்லை. லிமரிக்கும் 2024 அரையிறுதியில் கார்க்கிடம் 1-28, 0-29 என இரண்டு புள்ளிகளில் தோற்றது. எனினும் அவ்வாண்டு மன்ஸ்டர் பட்டத்தைத் தொடர்ந்து ஆறாவது முறையாக வென்றிருந்தது.

2025இல் சரிவு தெளிவாகத் தெரிந்தது. மே மாதம் கார்க்கை 16 புள்ளிகளில் வென்ற அதே லிமரிக், ஜூன் 7 அன்று தன் சொந்த மைதானத்தில் நடந்த மன்ஸ்டர் இறுதியாட்டத்தில் கூடுதல் நேரத்துக்குப் பின் பெனால்ட்டி அடிகளில் கார்க்கிடம் தோற்றது. இரண்டு வாரம் கழித்து, தொடக்கத்திலேயே ஒருவர் வெளியேற்றப்பட்டு 14 பேருடன் ஆடிய டப்ளினிடம் 2-24, 0-28 எனக் காலிறுதியில் வீழ்ந்தது.

வருங்கால வாய்ப்புகள்

லிமரிக்கின் வாய்ப்பை எடைபோடும்போது இரண்டு பக்கங்களையும் பார்க்க வேண்டும்.

சாதகமானவை: பயிற்சி அமைப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளின் அகில அயர்லாந்துத் தோல்விகளும் இரண்டிரண்டு புள்ளிகளில் நேர்ந்தவையே. மூன்றாம் இடம் பிடித்தாலும் முன்னேறலாம் என்ற முறை, 2018இல் உதவியது போல் இனியும் உதவக்கூடும்.

பாதகமானவை: 2018இல் வென்றவர்களில் பலர் முப்பதைக் கடந்துவிட்டனர் அல்லது நெருங்குகின்றனர். அவர்களுக்குப் பின் வருபவர்கள் அதே தரத்தில் உள்ளனரா என்பதே கேள்வி. 2017க்குப் பின், 2025 வரை, லிமரிக் இளையோர் அகில அயர்லாந்துப் பட்டம் எதையும் வெல்லவில்லை. 2022இல் 20 வயதுக்குட்பட்டோர் இறுதியாட்டத்தில் கில்கென்னியிடம் ஒரு புள்ளியில் தோற்றதே மிக அருகில் வந்த சந்தர்ப்பம். மறுபுறம், அதே ஆண்டுகளில் கார்க்கும் டிப்பரேரியும் இளையோர் பட்டங்களை வென்று குவித்தன. 2025இல் டிப்பரேரி முதுநிலைச் சாம்பியன் ஆனது. இறுதியில் அதனிடம் தோற்றது கார்க். பள்ளியில் விதைத்தது எட்டு ஆண்டில் விளையும் என்ற கணக்கின்படி இது வியப்பளிக்கும் செய்தியல்ல.

மாக்கியின் அணி ஓய்ந்தபின் லிமரிக் 33 ஆண்டுகள் காத்திருந்தது. கிரைம்ஸின் அணி ஓய்ந்தபின் 45 ஆண்டுகள். அந்த இருமுறையும் ஒரு நல்ல தலைமுறை வந்தது, வென்றது, போனது. அடுத்த தலைமுறையைத் தொடர்ந்து வளர்க்கும் ஏற்பாடு இருக்கவில்லை. இம்முறை அந்த ஏற்பாடு இருக்கிறது. அது ஒரு தலைமுறைக்கு மட்டும் பயன்பட்டதா, ஒரு மரபாக நிலைக்குமா என்பதை லிமரிக்கின் இன்றைய பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளே முடிவு செய்வார்கள்.